இணைப்பு என்றால் விழுங்குவதல்ல

இலங்கைத் தமிழர் அரசியலில் கடந்த நாற்பது ஆண்டுகளாக அதிகம் அச்சேறிய சொற்களைப் பட்டியலிட்டால் 'இணைப்பு' என்ற சொல்லுக்கு முன்வரிசையில் இடம் கிடைக்கும். வடக்கு கிழக்கு இணைப்பு, தற்காலிக இணைப்பு, நிரந்தர இணைப்பு, இணைப்பு இரத்து என்று தலைப்புச் செய்திகளாக வந்து வந்து தேய்ந்துபோன சொல் அது. ஆனால் அச்சொல் எதைக் குறிக்கின்றது என்று நின்று நிதானித்துக் கேட்டவர்கள் மிகச் சிலரே. கேட்காமல் விட்டதன் விலையைத் தமிழ் பேசும் மக்கள் கொடுத்திருக்கிறார்கள், இன்னமும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே எனது வாதம்.

ஆங்கிலத்தில் பொருட்களை ஒன்று சேர்ப்பதைக் குறிக்கும் சொற்கள் பல உண்டு. ஜொயின், லிங்க், மேர்ஜ், யுனைட், இன்டகிரேட், அமல்கமேட் என்று அவை நீளும். பாடசாலை அகராதியைப் புரட்டினால் இவை யாவும் ஒத்த கருத்துச் சொற்கள் என்று ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் ஒரு சட்டத்தரணியையோ வங்கி அதிகாரியையோ கேட்டுப் பாருங்கள். இவற்றுள் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை ஒப்பந்தப் பத்திரத்தில் எழுத அவர் ஒருபோதும் இணங்கமாட்டார். தமிழ்ப் பத்திரிகைகளோ இந்த ஆறுக்கும் பெரும்பாலும் ஒரே சொல்லைத்தான் போட்டு வந்துள்ளன. ஆங்கிலப் பிரதியை மேசையில் வைத்துக்கொண்டு நள்ளிரவுக்கு முன் பக்கத்தை முடித்தாக வேண்டிய உதவி ஆசிரியரின் அவசரம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அவசரம் ஓர் இரவுக்குரியது. அது நாற்பது ஆண்டுகளுக்கு நியாயமாக முடியாது.

இந்தச் சொற்களைப் பிரித்தறிய ஒரு கேள்வி போதும். சேர்ந்த பிறகு, சேர்ந்தவை எஞ்சுகின்றனவா?

சொற்களின் வேரில் இருப்பது

ஜொயின் என்ற சொல்லின் இலத்தீன் மூலம் நுகத்தில் பூட்டுவதைக் குறிப்பது. ஒரே நுகத்தடியின் கீழ் இரண்டு காளைகள் நடக்கின்றன. சுமை பொதுவானது, திசை பொதுவானது, ஆனால் காளைகள் இரண்டுதான். மேர்ஜ் என்பதன் இலத்தீன் மூலமோ மூழ்குவதை, அமிழ்த்துவதைக் குறிப்பது. நீரில் மூழ்கியதற்குத் தனியாகக் கரை கிடையாது. 2015ஆம் ஆண்டு ஒக்டோபரில் டி.எப்.சி.சி. வங்கியும் டி.எப்.சி.சி. வர்தன வங்கியும் ஒன்றாக்கப்பட்டபோது நிகழ்ந்தது இதுவே. ஒரு வங்கி எஞ்சியது. மற்றையதன் பெயர்ப்பலகை இறங்கியது. வங்கிகளைப் பொறுத்தவரை அதில் குற்றமேதும் இல்லை. இரு தரப்புப் பங்காளர்களும் அறிந்து ஒப்பிய காரியம் அது. மாகாணங்களும் மக்களும் வங்கிகளல்லர் என்பதுதான் இங்கு பிரச்சினை.

இப்போது தமிழுக்கு வருவோம். 'இணை' என்றால் சோடி. ஓரிணைக் காளைகள், இணைபிரியா நண்பர்கள் என்கிறோம். இணை என்பதற்கு ஒப்பு, நிகர் என்ற பொருளும் உண்டு. அதனாற்றான் நிகரற்றவனை இணையற்றவன் என்கிறோம். ஒன்றை மாத்திரம் வைத்துக்கொண்டு இணை என்று சொல்ல முடியாது. இரண்டு வேண்டும், அவ்விரண்டும் தம்முள் நிகராக இருத்தல் வேண்டும். ஆகவே, இணைப்பு என்ற தமிழ்ச் சொல் தன் வேரிலேயே நுகத்தடியின் பக்கம் நிற்கின்றதே தவிர நீரில் மூழ்கும் பக்கம் நிற்கவில்லை.

தமிழ் இலக்கணம் இதை இன்னும் நுணுக்கமாக அறிந்து வைத்திருக்கின்றது. இரு சொற்கள் சேர்வதைப் புணர்ச்சி என்றும், அது இயல்பு, விகாரம் என இருவகைப்படும் என்றும், விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும் என்றும் பாடசாலையில் படித்திருப்போம். பொன்னும் மலையும் சேர்ந்து பொன்மலை ஆகும்போது இரண்டும் அப்படியே நிற்கின்றன. வாழையும் பழமும் சேர்ந்து வாழைப்பழம் ஆகும்போது நடுவே புதிதாக ஓர் எழுத்துத் தோன்றுகின்றது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது ஓர் எழுத்து உருமாறுகின்றது. மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆகும்போது ஓர் எழுத்து இறந்துபடுகின்றது. எழுத்துக்கள் சேரும்போதே யார் நிற்கிறார், யார் மாறுகிறார், யார் கெடுகிறார் என்று கணக்கு வைத்திருந்த மொழி இது. அம்மொழியில் நாளிதழ் நடத்துவோர், மாகாணங்கள் சேரும்போது அந்தக் கணக்கைக் கேட்காமல் விட்டதை என்னவென்று சொல்வது?

உடன்படிக்கையில் இல்லாத சொல்

1987 ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தனவும் பிரதமர் ராஜீவ் காந்தியும் கைச்சாத்திட்ட இந்திய இலங்கை உடன்படிக்கையை இன்று எடுத்து வாசிப்போர், வடக்கு கிழக்கு தொடர்பான பிரிவில் மேர்ஜ் என்ற சொல்லைத் தேடிப் பார்க்கட்டும். அது அங்கே இல்லை. அடுத்தடுத்துள்ள மாகாணங்கள் ஒரு நிருவாக அலகாகச் சேர்வதற்கு ஜொயின் என்ற சொல்லும், வடக்குடன் தொடர்ந்து சேர்ந்திருப்பதா என்று கிழக்கு மக்களைக் கேட்கும் சர்வசன வாக்கெடுப்புக்கு லிங்க் என்ற சொல்லுமே அதில் கையாளப்பட்டுள்ளன. சேர்வதற்கு வழிசெய்யும் அதே பந்தியில், வாக்கெடுப்பின் மூலம் பிரிந்துபோவதற்கும் வழி செய்யப்பட்டுள்ளது. மூழ்கியதைப் பிரிக்க முடியாது, பூட்டியதைத்தான் அவிழ்க்கலாம். எனவே, அந்தப் பத்திரத்தை வரைந்தவர்களின் மனதில் இருந்தது நுகத்தடியே.

அரசியலமைப்பும் அப்படித்தான். 13ஆவது திருத்தத்தின் வழியாக வந்த 154ஏ உறுப்புரையின் 3ஆம் பந்தி, அடுத்தடுத்துள்ள இரண்டு அல்லது மூன்று மாகாணங்கள் ஒரே மாகாண சபையும் ஒரே ஆளுநரும் ஒரே முதலமைச்சரும் கொண்ட ஒரு நிருவாக அலகாக அமையப் பாராளுமன்றம் சட்டத்தின் மூலம் ஏற்பாடு செய்யலாம் என்கின்றது. அலகு ஒன்றாகின்றது. மாகாணங்கள் மாகாணங்களாகவே பேசப்படுகின்றன.

அப்படியானால் மேர்ஜர் என்ற சொல் எங்கிருந்து வந்தது? பத்திரிகைத் தலைப்பிலிருந்து வந்தது. கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு அது வசதியான, சுருக்கமான சொல். அதைக் கண்ட தென்னிலங்கை வாசகர் கிழக்கை வடக்கு விழுங்கப் போகின்றது என்று பொருள்கொண்டார். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் பொருள் அதுதான் என்பதால் அவரை மாத்திரம் குறை கூறிப் பயனில்லை. இணைப்பை எதிர்த்த அரசியல்வாதிகளுக்கோ அந்தச் சொல் வாய்ப்பாக அமைந்தது. தமிழ்ப் பத்திரிகைகள் அதே மேர்ஜரைத் திரும்பவும் 'இணைப்பு' என்று மொழிபெயர்த்துக்கொண்டன. ஒரே விடயத்தைத் தமிழ் வாசகர் சோடியாகப் படிக்க, மற்றையோர் மூழ்கடிப்பாகப் படித்தார்கள். இரு தரப்பும் வேறு வேறு விடயத்தைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருப்பதை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டிய இடம் பத்திரிகை. அது வாளாவிருந்தது.

1988 செப்டெம்பரில் ஜயவர்த்தன பிரகடனம் செய்தார். நவம்பரில் தேர்தல் நடைபெற்று வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார். 1988 டிசெம்பர் 31ஆம் திகதிக்கு முன் நடந்திருக்க வேண்டிய வாக்கெடுப்பு ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்பட்டு, பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. 2006 ஒக்டோபர் 16ஆம் திகதி, கிழக்கு வாசிகள் மூவர் தாக்கல் செய்த மனுக்களில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான உயர் நீதிமன்றம் அந்தப் பிரகடனங்கள் செல்லுபடியற்றவை என்று தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி முதல் இரு மாகாணங்களும் தனித்தனியே நிருவகிக்கப்படலாயின.

இங்கும் சொல் சதி செய்தது. 'வடக்கு கிழக்கு பிரிக்கப்பட்டது' என்றும் 'இணைப்புச் சட்டவிரோதம்' என்றும் எழுதப்பட்டன. நீதிமன்றம் சொன்னது வேறு. ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டு மோதல்கள் ஓய்ந்திருக்க வேண்டும் என்று மாகாண சபைகள் சட்டம் விதித்த நிபந்தனையை அவசரகால விதியொன்றின் மூலம் மாற்றிவிட்டு ஜனாதிபதி பிரகடனம் செய்ததே அதிகாரத்துக்குப் புறம்பானது எனக் கண்டது. அதாவது, சேர்த்த முறை பிழை. சேர்க்கவே கூடாது என்ற தடை அரசியலமைப்பில் இல்லை. வழிவகுக்கும் பந்தி இன்றும் அங்கேயே இருக்கின்றது. இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதியிருந்தால், அடுத்து பாராளுமன்றத்தில் எதைக் கேட்பது என்பதையாவது மக்கள் அறிந்திருப்பார்கள். 'பிரிக்கப்பட்டது' என்ற சொல் துக்கத்தைக் கொடுத்தது, வழியைக் காட்டவில்லை.

கிழக்கின் குரல்

இணைப்பு என்ற சொல்லைக் கேட்டு அஞ்சியோர் சிங்களவர் மாத்திரமல்லர். 2012ஆம் ஆண்டின் சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி கிழக்கு மாகாணத்தில் தமிழர் ஏறத்தாழ 40 சதவீதம், முஸ்லிம்கள் ஏறத்தாழ 37 சதவீதம், சிங்களவர் ஏறத்தாழ 23 சதவீதம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டதன் பிறகு, வடக்குடன் சேர்வது என்ற பேச்சைக் கிழக்கின் முஸ்லிம் ஒருவர் எந்தச் செவியால் கேட்பார்? இணைப்பில் தனக்கு நிகரான இடம் உண்டா, அல்லது தான் கெட்டுப்போகும் எழுத்தா என்பதே அவரது கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் 'தமிழ் பேசும் மக்கள்' என்ற பொதுப் போர்வையை விரித்தவர்கள், தென்னிலங்கைப் பேரினவாதம் தம்மீது விரிக்கும் போர்வையும் அதே துணியால் ஆனது என்பதைக் காணத் தவறினார்கள்.

'வடகிழக்கு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். திசைப்பெயர்கள் புணர்வதற்கென நன்னூல் தனி விதியே வகுத்துள்ளது. அதன்படி வடக்கும் கிழக்கும் சேர்ந்தால் வடக்கின் வால் அறுந்து வடகிழக்கு ஆகும். அது ஒரு திசையின் பெயர், ஈசான மூலை. இலங்கைப் படத்தில் பொத்துவிலும் பாணமையும் எந்த மூலையில் இருக்கின்றன என்று பாருங்கள். ஒலுவிலில் 1990களில் அமைந்த பல்கலைக்கழகத்தின் பெயர் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். முஸ்லிம் காங்கிரஸ் எழுப்பிய கோரிக்கையின் பெயர் தென்கிழக்கு அலகு. ஒரு திசைச் சொல்லில் தம்மைக் காணாதவர்கள் இன்னொரு திசைச் சொல்லைத் தேடிக்கொண்டார்கள். 'வடக்கும் கிழக்கும்' என்று இரண்டு உம்மைகளைப் போட்டு எழுதுவதற்கு எவ்வளவு மை செலவாகியிருக்கும்?

நீதிமன்றம் ஏறிய சொல்

சொல் ஆராய்ச்சி புலவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோருக்கு ஒரு வழக்கை நினைவூட்ட விரும்புகின்றேன். இலங்கைத் தமிழரசுக் கட்சி பிரிவினையை நாடுகின்றது என்று பிரகடனப்படுத்துமாறு கோரி 2014இல் உயர் நீதிமன்றத்தில் மனுவொன்று தாக்கல் செய்யப்பட்டது. மனுதாரரின் வாதங்களில் முக்கியமானது ஒரு சொல் பற்றியது. கட்சி தனது யாப்பில் 'சமஷ்டி' என்றிருந்த இடத்தில் 'இணைப்பாட்சி' என்று மாற்றிக்கொண்டது. சமஷ்டி ஒரு நாட்டுக்குள் அதிகாரப் பகிர்வு, இணைப்பாட்சியோ தனி நாடுகளின் கூட்டு. எனவே இது பிரிவினை என்பது அந்த வாதம். இரண்டும் ஒன்றையே குறிப்பன என்பது கட்சியின் பதில்.

ஒரு கட்சியின் சட்டபூர்வ இருப்பு 'இணை' என்ற இரண்டெழுத்தின் பொருளில் தொங்கிக்கொண்டிருந்தது. 2017 ஓகஸ்ட் 4ஆம் திகதி பிரதம நீதியரசர் பிரியசாத் டெப் தலைமையிலான நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஒரு நாட்டுக்குள் சமஷ்டியைக் கோருவது பிரிவினையைக் கோருவதாகாது என்று அது தெளிவுபடுத்தியது. ஒற்றையாட்சி, சமஷ்டி என்ற பெயர்ச்சீட்டுகள் சில வேளை தவறாக வழிநடத்தக்கூடும் என்றும், ஒற்றையாட்சி நாட்டில் சமஷ்டிப் பண்புகளும் சமஷ்டி நாட்டில் ஒற்றையாட்சிப் பண்புகளும் காணப்படலாம் என்றும் கூறியது. நல்ல தீர்ப்பு. ஆனால் தமிழ்ச் சொல்லொன்றின் பொருளைத் தமிழ் அரசியல் உலகம் முன்கூட்டியே நிலைநிறுத்தியிருந்தால், அதை நீதிமன்றத்தில் போய் நிரூபிக்க வேண்டிய தேவை எழுந்திருக்காது.

ஒருமையும் ஒருமித்தலும்

மறுபக்கத்தில் நடந்தது இதைவிடக் கவலைக்குரியது. 1972ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பு இலங்கையை யுனிட்டரி அரசு என்று பிரகடனம் செய்தது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 2ஆம் உறுப்புரையில் அதைத் தொடர்ந்தது. சிங்களத்தில் 'ஏக்கிய', தமிழில் 'ஒற்றையாட்சி'. பிடிக்கிறதோ இல்லையோ, ஒற்றையாட்சி நேர்மையான சொல். உள்ளதை உள்ளபடி சொல்கின்றது.

2017 செப்டெம்பரில் அரசியலமைப்புச் சபையில் முன்வைக்கப்பட்ட இடைக்கால அறிக்கை என்ன செய்தது? ஸ்கொட்லாந்தும் வட அயர்லாந்தும் விலகிச் செல்லக்கூடிய நிலை பிரித்தானியாவில் உருவாகிவிட்டதால் யுனிட்டரி என்ற ஆங்கிலச் சொல் இலங்கைக்குப் பொருந்தாது என்று அதை ஒதுக்கியது. சிங்களத்தில் 'ஏக்கிய' அப்படியே இருந்தது. தமிழில் 'ஒற்றையாட்சி' நீங்கி 'ஒருமித்த நாடு' வந்து அமர்ந்தது. சிங்கள மக்களிடம், பழைய சொல் இருக்கின்றது, ஒன்றும் மாறவில்லை என்று கூறலாம். தமிழ் மக்களிடம், பழைய சொல் போய்விட்டது, எல்லாம் மாறுகின்றது என்று கூறலாம். விளைவு, தென்னிலங்கையில் ஒரு சாரார் இது மறைமுகச் சமஷ்டி என்றனர். வடக்கில் ஒரு சாரார் இது முகமூடி அணிந்த ஒற்றையாட்சி என்றனர். இரு தரப்பையும் ஒருங்கே சந்தேகம் கொள்ள வைத்த அம்முயற்சி புதிய அரசியலமைப்பாக உருப்பெறாமலே முடிந்தது.

'ஒருமித்த' என்றால் மனம் ஒத்த என்று பொருள். ஒருமித்த கருத்து என்கிறோம். யாருடைய மனம் எங்கே எப்போது ஒத்தது? இந்நாட்டுச் சட்டங்களின் இறுதியில் காணப்படும் ஒரு வாசகத்தையும் மறக்கலாகாது. சிங்கள, தமிழ்ப் பாடங்களுக்கிடையே முரண்பாடு ஏற்படின் சிங்களப் பாடமே மேலோங்கும். அவ்வாறிருக்க, தமிழ்ச் சொல்லை மாத்திரம் அழகுபடுத்தி என்ன பயன்? அரசியல் துணிவு செய்ய வேண்டிய வேலையை அகராதியிடம் ஒப்படைத்தால் இப்படித்தான் முடியும்.

இன்டகிரேஷன் என்ற சொல்லுக்கும் இதே கதி. அதன் மூலம் முழுமையைக் குறிப்பது. பல உறுப்புகள் சேர்ந்து ஒரு முழுமை ஆதல். அதை நாம் 'ஒருமைப்பாடு' ஆக்கினோம். தேசிய ஒருமைப்பாடு என்று அமைச்சுக்களும் மேடைகளும் முழங்கின. தமிழில் ஒருமைக்கு எதிர்ச்சொல் பன்மை என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். பன்மையை ஒருமையாக்குவது ஒருங்கிணைப்பு ஆகாது. அது இலக்கணத்தில் வழு.

சொல்லில் என்ன இருக்கின்றது என்போருக்கு

அதிகாரம் கையில் இல்லாதபோது சொல் எதுவாக இருந்தால் என்ன என்று நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. 2018இல் வட மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்த பின்னர் ஆண்டுக்கணக்கில் தேர்தலே நடத்தப்படாதபோது, இணைப்புக்கு இலக்கணம் எதற்கு என்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. சொல்லைத் திருத்தினால் காணி திரும்பாது, சபை கூடாது.

ஆயினும் ஜேர்மனியைப் பாருங்கள். 1990 ஒக்டோபர் 3ஆம் திகதி நடந்ததை உலகம் மீளிணைவு என்று கொண்டாடுகின்றது. சட்டத்தில் அதன் பெயர் சேருதல். கிழக்கு ஜேர்மனியின் மாநிலங்கள் மேற்கு ஜேர்மனியின் அடிப்படைச் சட்டத்தின் கீழ் வந்து சேர்ந்தன. இருவரும் கூடிப் புதியதோர் அரசியலமைப்பை வரையும் வழியும் அச்சட்டத்தில் இருந்தது. அது தெரிவு செய்யப்படவில்லை. மேற்கின் யாப்பு எஞ்சியது, கிழக்கினது மறைந்தது. நாம் இணைந்தோமா, சேர்த்துக்கொள்ளப்பட்டோமா என்று கிழக்கு ஜேர்மனியர் பலர் பிற்காலத்தில் கேட்டதன் காரணம் இதுவே. பலமுள்ளவன் சொல்லைத் தனக்கேற்பத் தெரிந்தெடுக்கின்றான். பலமற்றவன் அதை வாசிக்கவாவது தெரிந்திருக்க வேண்டாமா?

ஆகவே தமிழ்ப் பத்திரிகைகளுக்கும், புலம்பெயர் நாடுகளில் இணையத்தளங்களை நடத்துவோருக்கும் நான் முன்வைப்பது இதுதான். சேர்ந்தவை தத்தம் அடையாளத்துடனும் நிகரான நிலையிலும் எஞ்சுமாயின் மாத்திரம் 'இணைப்பு' என்று எழுதுங்கள். ஒன்று மற்றொன்றுக்குள் மறைவதாயின் 'உள்ளீர்ப்பு' என்று எழுதுங்கள். உறுப்புகள் உறுப்புகளாகவே இருந்து ஒரு முழுமையாக இயங்குமாயின் 'ஒருங்கிணைப்பு'. ஒற்றையாட்சியை ஒற்றையாட்சி என்றே எழுதுங்கள். அதற்கு வேறு பட்டுச்சட்டை வேண்டாம். சமஷ்டி, கூட்டாட்சி, இணைப்பாட்சி ஆகியவற்றுள் எதை ஏற்பது என்று முடிவு செய்து, ஏற்றதை எங்கும் ஒரே பொருளில் கையாளுங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இனிமேல் எவர் மேடையேறி இணைப்பு, ஐக்கியம், ஒருமைப்பாடு, நல்லிணக்கம் என்று பேசினாலும், அவர் தமிழராயினும் சிங்களவராயினும் முஸ்லிமாயினும், கைதட்டுமுன் அவரிடம் கேளுங்கள்: சேர்வதற்கு இரு தரப்பின் சம்மதமும் பெறப்பட்டதா? பொருந்தாவிடில் அவிழ்த்துக்கொள்ள வழி உண்டா? சேர்ந்த பின் யார் யார் எஞ்சுவார்கள்? இவற்றுக்கு நேரான விடை தருபவர் எந்தச் சொல்லைப் பாவித்தாலும் பாதகமில்லை. விடை தராதவர் எவ்வளவு இனிய சொல்லைப் பாவித்தாலும், அவர் கையில் இருப்பது நுகத்தடியல்ல.